ஒன்பது கிலோ கம்ப்ரசர்

இருபதாயிரம் சீட்டைத் தள்ளி எடுத்ததில்
கைக்கு வந்தது பதினாலாயிரத்து முந்நூறு.
டியூப் கட்டர், ஃபிளேரிங் செட், சின்ன டார்ச் ஒன்று.
கிளாம்ப் மீட்டர் மட்டும் புதுசு.
கரண்டோடு சிக்கனம் கூடாதென்பது
கடைசி பெஞ்சில் இருந்த எனக்கே தெரியும்.
கேஜ் செகண்ட் ஹேண்ட். நீல ஹோஸில் வெடிப்பு.
"சைக்கிள் டியூப்பைச் சுத்திக்கம்மா" என்றான் விற்றவன்.
சுற்றவில்லை. நானூறு போனது.

டவுன்ஹால் ரோட்டில் வேக்கம் பம்ப் விலை கேட்டேன்.
கடைக்காரர் எனக்குப் பின்னால் யாரையோ தேடினார்.
"மெக்கானிக் வரலியா?"
"வந்திருக்கேன்."
"ஏழாயிரத்து இருநூறு."

செல்லூரில் பழைய இரும்புக் கடை வாசலில்
கதவில்லாத சிவப்பு ஃப்ரிட்ஜ்,
உள்ளே ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது.
கோழியைக் கலைக்காமல்
அடியிலிருந்த கறுப்பு உருண்டையை மட்டும் கழற்றினேன்.
ஒன்பது கிலோ. அறுநூற்று முப்பது ரூபாய்.
வயர் கொடுத்தேன், முனகியது.
உறிஞ்சும் குழாயில் கட்டைவிரலை வைத்தேன்,
கன்றுக்குட்டி போலப் பற்றிக்கொண்டது.

கம்பெனிப் பம்ப் பத்து நிமிடத்தில் இழுப்பதை
இது நாற்பது நிமிடம் இழுக்கும்.
என்னிடம் நேரம் மட்டும் நிறைய இருந்தது.

முதல் அழைப்பு இரவு ஒன்றேகாலுக்கு.
ஐஸ் பெட்டி வாடகைக்கு விடுகிற கனிராஜா.
"ஆரப்பாளையத்துல துக்க வீடு, பெட்டி குளிரல,
எந்த மெக்கானிக்கும் போனெடுக்கல.
நீ எடுத்துட்ட."

நான் பையைத் திறந்ததும் ஒப்பாரி நின்றது.
கண்ணாடிக்குள் மஞ்சள் பூசிய முகம்.
மூடியின் உட்பக்கம் வியர்த்திருந்தது.
டார்ச் லைட்டைப் பல்லில் கடித்தபடி
பெட்டிக்கடியில் மல்லாந்து நுழைந்தேன்.
என் மூக்குக்கு இரண்டு சாண் மேலே அவர்.
ரிலே கருகியிருந்தது.
நூற்றுப்பத்து ரூபாய்ச் சாமான்,
பையில் ஒன்றே ஒன்று.
மாட்டினேன். டக். பிறகு முனகல்.
பிறகு, விட்ட இடத்திலிருந்து ஒப்பாரி.

அங்கே கூலியை எப்படிக் கேட்பது?
ஐடிஐயில் அந்தப் பாடம் கிடையாது.
மூன்று நாள் கழித்து கனிராஜா ஐந்நூறு அனுப்பினார்.

பதினாறு முடிந்த மறுநாள்
அந்த வீட்டு மகள் பேசினாள்.
யாரோ என் நம்பரைப் போட்டு வைத்திருக்கிறார்கள்,
'ஐஸ் பெட்டி அக்கா' என்று.
"வீட்டு ஃப்ரிட்ஜ் குளிரல. சீக்கிரம் வாங்க."

கேஸ் லீக். பின்பக்க மடக்கில் எண்ணெய்க் கசிவு.
எல்லாவற்றையும் வெளியே எடுங்கள் என்றேன்.
தக்காளி, கொத்தமல்லிக் கட்டு, பால் பாக்கெட் எடுத்தாள்.
நடுத்தட்டில் ஒரு தூக்குவாளியை விட்டுவிட்டாள்.
நானே தூக்கினேன். புளிப்பு மூடியை மீறி வந்தது.
"அம்மா ஆட்டின மாவு."

அது கெட்டுவிட்டதென்று சொல்ல
மெக்கானிக் தேவையில்லை.

ஈரத்துணி போர்த்தி ஓரமாய் வைத்தேன்.
ஓட்டையைப் பற்றவைத்து, செல்லூர் கம்ப்ரசரை மாட்டினேன்.
கேஜ் ஊசி பூஜ்யத்தைத் தாண்டிக் கீழே இறங்கியது.
இனி வால்வை மூடிக் காத்திருக்க வேண்டும்,
ஊசி ஏறினால் இன்னும் எங்கோ ஓட்டை.
அரை மணி நேரம் இரண்டு பேரும்
ஓர் ஊசியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம்.

"இப்ப உள்ள என்ன இருக்கு?"
"ஒண்ணுமில்ல. காத்துகூட இல்ல.
ஒண்ணுமில்லாம ஆக்கினாத்தான் அப்புறம் குளிரும்."
சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.
ஊசி அசையவில்லை.

கேஸ் ஏற்றினேன். தட்டுகளைத் துடைத்தேன்.
தூக்குவாளியை அதன் வட்டக்கறை மேலேயே
திரும்ப வைத்தேன்.

கேஸ், ராடு, கூலி: ஆயிரத்து அறுநூறு.
பேரம் பேசினாள். நூறு குறைத்தேன்.
பம்ப்புக்கு இன்னும் ஐயாயிரத்து எழுநூறு.